தொக்சிம் மரியாதையாகப் பேசுகிறாள்

தொக்சிம் தன் புருஷனை முதன்முதலாக ‘நீங்க’ என்று அழைத்தது மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டின்போது. தால்சுவின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

“முள்ளங்கியில உப்புப் போதுமா?” என்றுதான் கேட்டிருந்தான்.

“நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்,” என்றாள் அவள்.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வாண்டோ தீவின் தெற்குக் கரையில் நாற்பது வீடுகள். காலை ஐந்தரைக்குத் தொக்சிம் புருஷனைத் திட்ட ஆரம்பிப்பாள். அதைக் கேட்டுத்தான் படகுக்காரர்கள் எழுந்து பல் தேய்ப்பார்கள். முப்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் தால்சுவுக்கு ‘யோவ்’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அதற்காகக் கெட்ட வார்த்தை பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட வார்த்தையெல்லாம் சோம்பேறிகளுக்கு என்பாள். தினமும் புதிதாக, ஆளுக்கும் குற்றத்துக்கும் அளவெடுத்துத் திட்டுவாள். “கடல் அட்டைக்காவது தொட்டா சுருங்கணும்னு தெரியும்யா, உனக்கு அதுகூடத் தெரியலையே!” என்று அவள் ஒருமுறை கத்தியதை, தூண்டில் போட வந்த டவுன்காரர் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அப்படிப்பட்டவள் ‘நீங்க’ என்றால் புருஷன் என்னதான் நினைப்பான்?

ஜனவரியில் அவளுக்குத் தைராய்டை முழுசாக எடுத்தார்கள். கழுத்தில் சின்னக் கட்டி, புற்றுதான், ஆனால் மெத்தனமான வகை, பயப்பட ஒன்றுமில்லை என்று குவாங்ஜு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கள் ஊரிலேயே ஐந்து பெண்களுக்குக் கழுத்தில் அந்தத் தழும்பு இருப்பதால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மயக்கம் தெளிந்ததும் தொக்சிம் கரகரத்த குரலில் பேசிய முதல் பேச்சு, “இந்த ஆளு எனக்குக் கொண்டுவந்த செருப்பைப் பாரு, ரெண்டும் இடது காலு” என்பதுதான். ஆகவே கத்தி வாயைத் தொடவில்லை என்று தால்சு நிம்மதியாக ஊர் திரும்பினான்.

வினை அதற்குப் பிறகு வந்தது. கழுத்தில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கருக்க, கதிர்வீச்சு ஏற்றிய அயோடின் மாத்திரை ஒன்றைக் கொடுப்பார்களாம். அதற்கு முன்னால் இரண்டு கட்டளைகள். ஒன்று, தினமும் சாப்பிடும் தைராய்டு மாத்திரையை ஒரு மாதம் நிறுத்த வேண்டும். இரண்டு, கடைசி இரண்டு வாரம் அயோடின் இருக்கிற எதையும் வாயில் வைக்கக் கூடாது. பட்டினி போட்டால்தான் மிச்சமிருக்கிற தைராய்டு அந்த மருந்தை அள்ளி விழுங்கும் என்று டாக்டர் விளக்கினார்.

மாத்திரை நின்ற இரண்டாவது வாரத்திலேயே தொக்சிம் மெதுவானாள். முகம் ஊதியது. தரைக்கடியில் வெந்நீர் ஓடும் சூட்டிலும் இரண்டு போர்வை கேட்டாள். பகலிலும் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பிறகுதான் இந்த மரியாதை வந்து சேர்ந்தது. அவள் ஒவ்வொரு ‘சரிங்க’ சொல்லும்போதும் தால்சுவுக்குத் தன் பெண்டாட்டி ஒரு அடி தள்ளிப் போவதாகத் தோன்றியது. அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று: அவள் ஒருமுறை வாய் நிறையத் திட்ட வேண்டும்.

அயோடின் விஷயத்தில் அவன் சும்மா இருந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. கடல்பாசியிலும் மீனிலும் பிழைக்கிற ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வேறு எதைக் கொண்டு வருவார்கள்? முதல் நாளே மூன்று பானை பாசி சூப் வந்து இறங்கியது. பிள்ளை பெற்றாலும் பிறந்தநாள் வந்தாலும் எலும்பு முறிந்தாலும் எங்களுக்கு மியோக் பாசி சூப்தான். தால்சு ஊர்த்தலைவர் கிபோங்கிடம் ஓடினான். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

“அறிவிப்பு, அறிவிப்பு. தால்சு வீட்டுக்கு நோயாளியப் பார்க்கப் போறவங்க பாசி, மீனு, சிப்பி, நெத்திலி, கருவாடு எதுவும் கொண்டு போகக் கூடாது. மீறிக் கொண்டு போனா, தொக்சிம்மா நல்லானதும் வீடு தேடி வருவா. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாதீங்க.”

பாசியையும் மீனையும் கழித்துவிட்டால் கையில் என்ன கொண்டு போவது என்று ஊருக்கே புரியவில்லை. நான்கு வீட்டார், புதுவீடு புகுகிறவர்களுக்குக் கொடுக்கிற வழக்கப்படி, கழிப்பறைக் காகிதம் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள்.

சமையல் தால்சுவின் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, மனப்பாடம் செய்தான். கடல் உப்பு கூடாது, சோயா சாறு கூடாது, முட்டைக்கோஸை உப்பிலும் காரத்திலும் ஊறப்போட்ட கிம்சி கூடாது, முட்டை மஞ்சள் கூடாது. கூடாது, கூடாது, கூடாது. சுற்றிலும் கடல் இருக்கிற தீவில், கடலைப் பார்க்காத உப்பைத் தேடி டவுன் முழுக்க அலைந்து வாங்கி வந்தான். சோறு, முள்ளங்கி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் மாட்டிறைச்சி, எள்ளெண்ணெய். அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக அடுப்பைத் தொட்டவனுக்கு அது பெரிய சாதனைதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

ஒரு நாள் அவன் அக்கா யாங்ஜா வந்தாள். யாங்ஜாவுக்கும் தொக்சிமுக்கும் முப்பத்தாறு வருஷமாகக் கிம்சிச் சண்டை. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் ஆரம்பித்தது, இன்றுவரை இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை. தம்பி பெண்டாட்டி துவண்டு கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், ஒரு நல்ல சண்டை போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

“ஏண்டி, போன வருஷம் நீ குடுத்தனுப்பின கிம்சிய இன்னிக்குத்தான் தொறந்தேன். அத மனுசன் திம்பானா? பூண்டைக் கொட்டி வச்சிருக்க!”

தொக்சிம் மெதுவாகத் திரும்பினாள். “ஆமா அண்ணி. அடுத்த தடவை உங்க கைப்பக்குவத்துல எனக்கும் சொல்லிக் குடுங்க.”

யாங்ஜா வாசலுக்கு வந்தபோது முகம் வெளுத்துக் கிடந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

“டேய், அவ செத்துப்போயிருவாடா!”

“வாயக் கழுவுக்கா.”

“நான் சொல்றது சரின்னு சொல்றாடா. என் கைப்பக்குவம்கிறா. எனக்குப் பயமா இருக்குடா தம்பி.” அறுபத்தெட்டு வயதுக் கிழவி நடுத்தெருவில் நின்று அழுதாள். எதிரி தோற்றதற்காக இப்படி அழுத ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அன்று தால்சு ஒரு முடிவுக்கு வந்தான். தானாக வராத திட்டை இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும். அவளுக்கு எது எது ஆகாது என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? மறுநாளே சேறு அப்பிய பூட்ஸோடு வீட்டுக்குள் நடந்தான். வாசலிலிருந்து அவள் படுக்கை வரைக்கும், வேண்டுமென்றே வளைந்து வளைந்து, ஒரு இடம் விடாமல். தொக்சிம் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“கால் நனைஞ்சிருச்சா? துடைச்சுக்கோங்க,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவனே முட்டி போட்டுத் தரையைத் துடைத்தான். அடுத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டினான். ஒரு நகம் தெறித்து அவள் போர்வையில் விழுந்தது. அதை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள். கடைசியாக மனசைக் கல்லாக்கிக்கொண்டு, எங்கள் ஊரில் எந்த ஆம்பிளையும் கனவில்கூடச் செய்யாத காரியத்தைச் செய்தான். தூண்டிலுக்கு வாங்கிய உயிர்ப் புழுக்களை டப்பாவோடு கொண்டுபோய்க் கிம்சிக்கென்று வைத்திருக்கும் தனி ஃபிரிட்ஜில் வைத்தான். அந்த ஃபிரிட்ஜில் லீவுக்கு வரும் மருமகள் கை வைத்தாலே தொக்சிம் இரண்டு நாள் விடாமல் திட்டுவாள். சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போனவள் தவறி அந்தக் கதவைத் திறந்தாள். தால்சு அவள் பின்னால் வந்து நின்றான்.

“புழுவா?” என்றாள்.

“ஆமா. புழு. உயிரோட. நிறைய,” என்றான் ஆசையாக.

“இருக்கட்டும். இடம் இருக்கே.” கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தால்சு புழுக்களை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் கொட்டினான். மீனுக்காவது நல்ல நாள்.

எப்படியோ இரண்டு வாரமும் கழிந்தது. நாளை மருந்து கொடுத்தால் இரண்டொரு நாளில் மறுபடி தைராய்டு மாத்திரை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஆள் வந்துவிடுவாள் என்று நாளை எண்ணிக்கொண்டே அவளைக் குவாங்ஜுவுக்குக் கூட்டிப் போனான். ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரில் அயோடின் எவ்வளவு என்றும் பார்த்தார்கள். இளம் டாக்டர் கணினித் திரையைப் பார்த்தார், தொக்சிமைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“அம்மா, மறைக்காமச் சொல்லுங்க. ரகசியமா ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்லீங்க,” என்றாள் தொக்சிம்.

“இந்த அளவு, பாசிக் கிடங்குக்குள்ள உட்கார்ந்து தின்னாத்தான் வரும்.”

தால்சுவுக்குச் சுர்ரென்று ஏறியது. “யாரைப் பார்த்துத் திருட்டுத் தீனி தின்னவள்னு சொல்றீங்க தம்பி? மூணு வேளையும் நானே என் கையால ஆக்கிப் போட்டேன். உங்க புத்தகம் எனக்குத் தலைகீழாத் தெரியும். வேணும்னா கேளுங்க!”

நர்ஸ் ஒருத்தி, நடுவயசுக்காரி, நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். “சரி ஐயா, கேட்கிறேன். சோறு எப்படி வடிக்கிறீங்க?”

“அரிசியக் கழுவி, தண்ணி ஊத்தி, குக்கர்ல வைப்பேன்.”

“என்ன தண்ணி?”

“தண்ணியில என்னம்மா தண்ணி? கெட்டில்ல இருக்கிற தண்ணி. குடிக்கவும் அதுதான், முள்ளங்கி வேக வைக்கவும் அதுதான்.”

“கெட்டில்ல வெறும் தண்ணி மட்டும்தானா?”

“வெறும் தண்ணிதான். எல்லா வீட்டுலயும் போடுற மாதிரி உள்ளங்கை அகலத்துக்குத் தாசிமாப் பாசி ஒரு துண்டு போட்டுக் கொதிக்க வச்ச வெறும் தண்ணி.”

நர்ஸ் தன் நெற்றியைத் தடவிக்கொண்டாள்.

“ஐயா, புத்தகத்துல முதல் பக்கத்துலயே தாசிமா சாப்பிடக் கூடாதுன்னு…”

“சாப்பிடக் கூடாதுன்னுதானே இருக்கு? அவ எங்க சாப்பிட்டா?” தால்சு எழுந்தே விட்டான். “கொதிச்சதும் தாசிமாவை நான் எடுத்துட்டேனே! ஒரு துணுக்குகூட அவ வாயில படலை. அவ கண்ணுல பட்டா ஆசப்படுவாளேன்னு, எடுத்த துண்டையெல்லாம் நானே நின்னுகிட்டுத் தின்னேன்!”

கதவுக்கு வெளியே வரிசையில் காத்திருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாண்டோக்காரன் ஒருவனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டான். எங்களுக்குத் தாசிமா போட்ட தண்ணிதான் தண்ணி. அது போடாததற்குத்தான் எங்களிடம் தனியாகப் பெயர் கிடையாது.

டாக்டர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம், முதலிலிருந்து, என்றார். அதுவரைக்கும் தைராய்டு மாத்திரையும் கிடையாது.

தால்சு பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். இப்போதாவது வரும் என்று நினைத்தான். இதைவிடப் பெரிய தப்பை ஒரு புருஷன் செய்ய முடியாது. வரட்டும், ஆஸ்பத்திரியே கேட்கட்டும், தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தோளைத் தளர்த்தி நின்றான்.

“பரவாயில்லைங்க,” என்றாள் தொக்சிம்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்ததும் தால்சு பெஞ்சில் உட்கார்ந்து விட்டான். கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது. “திட்டுடி. ஒரு வார்த்தை திட்டு. இப்படியே இருந்தன்னா நான் என்ன பண்ணுவேன்? நீ ‘நீங்க’ன்னு சொல்லச் சொல்ல எனக்கு யாரோ வீட்டுல விருந்தாளியா இருக்கிற மாதிரி இருக்குடி.”

தொக்சிம் பையைக் கீழே வைத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்துத் துணியைச் சரிசெய்தாள். அந்தக் கரகரத்த குரலில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

“திட்டணும்னா கோவம் வரணும். கோவம் வரணும்னா ஏதாவது வேணும்னு தோணணும். எனக்கு எதுவுமே வேணும்னு தோணலைங்க. பூட்ஸோட வந்தீங்க, புழுவ வச்சீங்க, எல்லாம் எதுக்குன்னு தெரியும். பாவமா இருந்துச்சு. ஆனா எந்திரிச்சுக் கத்த உள்ள ஒண்ணும் இல்ல. சோறு மண்ணா இருக்கு. பேரப்புள்ள போன்ல கூப்பிட்டாக்கூட எப்ப வைப்பான்னு இருக்கு. மரியாதையெல்லாம் இல்லீங்க. ‘சரிங்க’ன்னு சொன்னா பேச்சு சீக்கிரம் முடிஞ்சிரும், அதான். நான் இப்படியே ஆயிட்டேனோன்னு பயமா இருக்கு. பயம்கூட எங்கயோ தூரத்துல இருக்கு.”

முப்பத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி அவன் கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கை ஐஸாக இருந்தது.

பின்னாலேயே வந்த நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். “அம்மா, இது உங்க குணம் கெட்டுப்போனதில்ல. தைராய்டு போயிருச்சு, மாத்திரையும் நின்னுருச்சு, உடம்பு அடுப்ப அணைச்சிருச்சு. மாத்திரை ஆரம்பிச்சுக் கொஞ்ச வாரத்துல மறுபடி பத்திக்கும். நிறையப் பேருக்கு இப்படித்தான். அதுவரைக்கும் சந்தோஷமா இருக்கணும்னு முயற்சியெல்லாம் வேண்டாம். வெயில்ல கொஞ்சம் நடங்க, இப்பச் சொன்னீங்களே, அந்த மாதிரி வாய்விட்டுச் சொல்லுங்க. செத்தாத் தேவலைன்னு எப்பவாவது தோணுச்சுன்னா அந்த நிமிஷமே எனக்குப் போன் போடுங்க. மாத்திரை சாப்பிட்டும் தெளியலன்னா அதுக்கும் டாக்டர் இருக்காங்க.” பிறகு தால்சு பக்கம் திரும்பினாள். “ஐயா, நீங்க குழாய்த் தண்ணி.”

ஊர் திரும்பிய அன்று சாயங்காலமே, வெறும் தண்ணீரில் முள்ளங்கியை வேக வைக்கிறேன் என்று தால்சு அதைக் கருக்கித் தொலைத்தான். புகை மண்டியது. பழக்க தோஷம், கையைக் கட்டிக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியை அவனால் தாங்க முடியவில்லை. கருகிய பாத்திரத்தைப் பார்த்து அவனே ஆரம்பித்தான், அவள் ஏற்ற இறக்கத்தோடு, அவள் மாதிரியே இடுப்பில் கை வைத்து:

“யோவ் தால்சு! மூக்கு எதுக்குய்யா வச்சிருக்க, கண்ணாடி மாட்டவா? உனக்குப் பதிலா ஒரு நண்டக் கல்யாணம் கட்டியிருந்தா இந்நேரத்துக்கு அது நேரா நடந்திருக்கும்!”

பாத்திரத்தைச் சுரண்டத் தொடங்கினான். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அப்படி இல்லீங்க.”

“என்ன இல்ல?”

“நேரா நடக்கக் கத்துக்குடுத்திருப்பேன். அப்படித்தான் சொல்லுவேன். ‘நடந்திருக்கும்’னா அது நண்டோட கெட்டிக்காரத்தனம். என் கெட்டிக்காரத்தனம் எங்க போச்சு?”

கரண்டி கையிலிருந்து நழுவியது. தால்சு அதைக் குனிந்து எடுக்கவில்லை. அசைந்தால் கலைந்துவிடுமோ என்று பயந்து, மறுபடி அதே வசவைத் திருத்தத்தோடு சொன்னான். “இப்ப சரியா?” என்று கேட்டான். “பரவால்ல. குரல்தான் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள்.

அதுமுதல் அது தினசரி வேலையானது. காலையில் அலைத்தடுப்புச் சுவர்வரை மெதுவாக நடப்பார்கள். சாயங்காலம் தால்சு அன்றைக்குச் செய்த தப்புகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தன்னைத் தானே திட்டிக்கொள்வான். தொக்சிம் படுத்தபடியே கேட்பாள். “இது போதாதுங்க.” “இது எங்க அம்மா திட்டுறது, என்னோடது இல்ல.” “இத்தன சின்னத் தப்புக்கு இவ்வளவு பெருசா?” சில நாள் இரண்டு வார்த்தை, சில நாள் வெறும் தலையசைப்பு. ஒரு நாள் அவன் ஆரம்பித்ததுமே, “இன்னிக்கு வேண்டாங்க, முடியல” என்று சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டு அவள் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருந்தான். அழுகிறாள் என்று தெரிந்தது. துடைக்கக் காகிதத்துக்குப் பஞ்சமா அந்த வீட்டில்?

விஷயம் தெரிந்து யாங்ஜா தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். அவள் தொக்சிமைத் திட்டுவது, தொக்சிமுக்குப் பதிலாகத் தால்சு திருப்பித் திட்டுவது என்று ஏற்பாடு. கிழவி பாவம், அன்பாகத்தான் ஆரம்பித்தாள். “உன் கிம்சிய நாய்கூட மோந்து பார்க்காது!”

தால்சு பெண்டாட்டியின் குரலெடுத்தான். “உங்க கிம்சி மட்டும் என்ன அண்ணி? உங்க வீட்டுக்காரர் இருபது வருஷம் பல்வலின்னு பொய் சொல்லித்தான் அதுலேர்ந்து தப்பிச்சாரு!”

“ஆமா,” என்றாள் யாங்ஜா, கொஞ்சம் திகைத்து.

“அப்புறம், எங்க அப்பா குடுத்த நல்ல வலைய உங்க கல்யாணத்துக்கு வித்தீங்களே! எனக்கு எட்டு வயசுல வச்சிருந்த இனிப்பு உருண்டைய நீங்கதானே தின்னுட்டு எலி மேல பழி போட்டீங்க!”

“டேய்! இது அவ பேசுறதா, நீ பேசுறதா?”

“அவதான்! அவதான் பேசுறா!” என்று கத்திக்கொண்டே தால்சு எழுந்து ஓட, யாங்ஜா கையில் கிடைத்த காகிதச் சுருளை எடுத்து அவன் முதுகில் எறிந்தாள். குறி தவறிச் சுருள் அவிழ்ந்து வீடு முழுக்க ஓடியது. படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமல் மாதிரி. இருவரும் பயந்து திரும்பிப் பார்த்தார்கள். இருமல் இல்லை. ஒரே ஒரு முறை, குட்டியாக, தொக்சிம் சிரித்திருந்தாள். அதற்கே களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது முறை அளவு சரியாக இருந்தது. ஈயம் பதித்த சுவருக்குள் மூன்று நாள் தனியாக வைத்து அந்த மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் தனி அறை, தனித் தட்டு. தைராய்டு மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. மறுநாளே பூரித்துப் போவாள் என்று தால்சு எதிர்பார்த்தான், நடக்கவில்லை. முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் ஒரு போர்வை குறைந்தது. மூன்றாவது வாரத்தில் நர்ஸுக்குப் போன் செய்து, “மாத்திரை பழசாயிருக்குமோ?” என்று கேட்டுத் திட்டு வாங்கினான். அந்தத் திட்டு அவனுக்கு எதற்கு?

மே மாதம் பிறந்தது. தாசிமா அறுவடைக்குக் கயிறு முடிய, தால்சு விடியற்காலையே படகுத்துறைக்குப் போய்விட்டான். தொக்சிம் ஆறு மணிக்குக் கண் விழித்தாள். ஏன் விழித்தோம் என்று முதலில் அவளுக்கே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பசி. சும்மா பசி இல்லை. சூடாக, எள்ளெண்ணெயில் வதக்கி, பூண்டு தட்டிப் போட்ட மியோக் சூப் வேண்டும். ஒரு பெரிய கிண்ணம் நிறைய வேண்டும். இப்போதே வேண்டும்.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். காலி. அடுத்த தட்டு, காலி. பரண், மூலைப்பெட்டி, கிம்சி ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம், அவள் மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த முதல்தரக் கட்டு, எங்கும் ஒரு இழைகூட இல்லை. தப்பு செய்து திரும்பிய அன்றே, மறுபடி கை தவறிவிடுமோ என்று நடுங்கிப்போய், தால்சு வீட்டிலிருந்த அத்தனை பாசியையும் மூட்டை கட்டி ஊருக்குத் தானம் பண்ணியிருந்தான். தட்டுகளைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தான்.

“யோவ்!” என்றாள் தொக்சிம்.

குரல் பாதியில் உடைந்தது. வெட்டுப்பட்ட கழுத்திலிருந்து பழைய சத்தம் இன்னும் வரவில்லை; படகுத்துறைக்கு எங்கே கேட்கப்போகிறது? ஆனால் பக்கத்துச் சந்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த யாங்ஜாவுக்குக் கேட்டது. ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே கிழவி துறைக்கு ஓடினாள்.

“டேய், ஓடுடா! திட்டுறா! உன்னத்தான் திட்டுறா, சீக்கிரம் போ!”

தால்சு கயிற்றைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினான். வீட்டு வாசலில் தொக்சிம் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். முகத்தில் இன்னும் ஊதல் இருந்தது. கண் மட்டும் அவளுடையதாகவே இருந்தது.

“வாய்யா வா, தர்மப் பிரபு! வாண்டோவுலயே பாசி இல்லாத ஒரே வீடு என் வீடு. பாலைவனத்துலகூட எவனாவது ரெண்டு துண்டு வச்சிருப்பான்யா! முதல்ல குடுக்கக் கூடாத நேரத்துல குடம் குடமாக் குடுத்த. இப்ப வேணும்கிற நேரத்துல ஊருக்கு வாரி விட்டுட்ட. உனக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதா, இல்ல நான் உசுரோட இருக்கிறதே மறந்து போச்சா? அங்க என்னய்யா நிக்கிற? எனக்குச் சத்தம் வர மாட்டேங்குது, கிட்ட வா!”

அவன் கிட்டே போனான்.

“இன்னும் கிட்ட வாய்யா, தொண்டை வலிக்குது.”

அவள் காலடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு காதாகத் திட்டினாள். அந்த மூன்று வருஷக் கட்டைப் பற்றி, காலி அலமாரியைப் பற்றி, அவன் அடுக்கும் லட்சணத்தைப் பற்றி, ஒன்றுவிடாமல், ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாமல். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“என்னய்யா இது, அழுவுற? நான் இன்னும் பாதிகூட வரலையே.”

“ஒண்ணுமில்ல,” என்றான் தால்சு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு. “நீ சொல்லு. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.”